தங்கையுடையது என்று பொய் சொன்னேன்

நான் செம்பூரில் வசிக்கிறேன், வயது முப்பத்தொன்று. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவரைச் சென்ற மாதம் மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் தனியாகச் சந்தித்தேன். பேச்சு நன்றாகத்தான் போனது. போனை எடுக்கும்போது, நான் படித்துக்கொண்டிருந்த ஜப்பானிய காமிக்ஸ் பையிலிருந்து விழுந்தது. ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் இருவரின் காதல் கதை அது. அவள் பைக் ஓட்டுவாள். அவன் ஸ்வெட்டர் பின்னுவான், அவளை நினைத்து அழுவான். ஆபாசம் துளியும் கிடையாது.

அவர் நாலு பக்கம் புரட்டினார். "சீ! இவனெல்லாம் ஆம்பளையா? இதையா படிக்கிறீங்க?" என்று கேட்டு, டிஷ்யூ பேப்பரில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"என்னோடது இல்லீங்க, தங்கச்சியோடது" என்றேன்.

"அப்போ தங்கச்சிகிட்ட சொல்லி வைங்க. நம்ம வீட்டுக்கு இந்தக் குப்பையெல்லாம் வரக்கூடாது."

'நம்ம வீடு' என்றதும் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அவரைவிட, நொடியில் பொய் சொன்ன என் மேல்தான் அதிக அருவருப்பு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, "இந்த இடம் வேண்டாம்மா" என்றேன்.

"இப்பவே பயந்து பொய் சொல்றியே, அங்கே போய் எப்படி இருப்பே? விடு" என்றார் அம்மா.

இப்போதெல்லாம் லோக்கல் ரயிலில் அட்டை வெளியே தெரியும்படிதான் பிடித்துப் படிக்கிறேன். யார் கேட்டாலும் கதையையும் சொல்கிறேன்.