ஒற்றைத் துடுப்புப் படகு

நடந்தவை, வரிசையாக:

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போது இடப்பக்கம் கேட் தூணில் உரசியது. தூணை நான் பார்க்கவில்லை.
2. இடது கால் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதுவும் எனக்குத் தெரியவில்லை.
3. என் அக்கா ரோஸ்லின் ஓடிவந்து, "ஏளா, வாய் கோணிப்போச்சு" என்றாள். சிரித்தேன். பாதி வாய்தான் சிரித்ததாம்.
4. ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஸ்கேன். மூளையின் வலப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நேரத்தில் போட்டுவிட்டார்கள்.
5. ஒன்பதாம் நாள் வீடு. நடந்தேன், பேசினேன், இடது கையை மடக்கி நீட்டினேன்.
6. ஆறாவது வாரம் பிளாஸ்டிக் கட்டைகளால் ஒரு பொம்மைப் படகு செய்தேன். எனக்கு என்ன ஆகியிருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு முப்பத்தொரு வயது. தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களின் மின்சாரப் பராமரிப்பு என் வேலை. மேலே ஏறித்தான் பார்க்க வேண்டும். திரும்ப ஏற டாக்டரின் தகுதிச் சான்று தேவை. அதற்கு நாள் குறித்தாகியிருந்தது. என் மூளை சரியாக இருக்கிறது என்று காட்ட, என் கையாலேயே ஒன்றைச் செய்து கொண்டுபோக நினைத்தேன்.

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு தகரப் படகு உண்டு. கப்பலில் வேலை பார்த்த அப்பா, அக்கா பிறந்தபோது வாங்கிவந்தது. சாவி கொடுத்தால் தகர மனிதன் இரண்டு துடுப்பும் போட்டுத் தரையில் நேராகப் போவான். ஸ்பிரிங் துருப்பிடித்து நின்றுவிட்டது. போன கிறிஸ்துமஸ் விடுமுறையில், நோய்க்கு முன்பு, அதை அளந்து, ரப்பர் பேண்டு முறுக்கில் ஓடும் மாதிரி ஒன்றுக்கு வரைபடமும் பாகப் பட்டியலும் தயாரித்து வைத்திருந்தேன்.

கட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். முறுக்கி, சாப்பாட்டு மேசையில் விட்டேன். ஓடியது. பிறகு படகைக் காணவில்லை.

மேசைக்கு அடியில் தேடினேன். நாற்காலிக்குப் பின்னால் தேடினேன். நோட்டில், "ஓடுகிறது. மேசை சாய்வு, சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினேன்.

அடுப்படியிலிருந்து வந்த அக்கா, என் இடது காலருகே கிடந்த படகை எடுத்தாள்.

"ஏளா, ஒத்தத் துடுப்ப வச்சிக்கிட்டு இவன் எந்தக் கரைக்குப் போவான்? தருவைகுளத்துக்கு அனுப்புனா வட்டம் அடிச்சு நம்ம வாசலுக்கே வருவான்."

"ரெண்டு துடுப்பும் இருக்கு. கண்ணாடியப் போட்டுப் பாருக்கா."

"போட்டுக்கிட்டுத்தாம்ளா நிக்கேன்."

அவள் சிரிப்பு நின்றது. படகை என் முன்னால் வைத்தாள். முழுப் படகு. அப்படியே அரைவட்டம் திருப்பினாள். வலப்பக்கம் துடுப்பு இல்லை. அச்சு மாட்டும் ஓட்டை காலியாக இருந்தது. பழையபடி திருப்பினாள். மறுபடியும் முழுப் படகு.

"இன்னொரு தரம் திருப்பு" என்றேன். ஐந்தாறு தரம் திருப்பச் சொன்னேன்.

பட்டியலையும் தலைகீழாக வைத்தாள். இரண்டு பத்திகள். ஒன்றில் வரிக்கு வரி டிக். மற்றதில் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒரு பத்தி இருந்ததே எனக்குத் தெரியாது. தட்டச்சு செய்தது நான்.

இதன் பெயர் ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் பார்த்தாலும் மூளை ஒரு பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது). வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் விளக்கினார். கேட்டது நினைவிருக்கிறது. அடுத்த கட்டில்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் தலையாட்டியிருக்கிறேன். அந்தத் தலையாட்டலும் நோயின் பகுதிதான் என்று பிறகு சொன்னார்கள்.

இருட்டாக இருந்தால் இருட்டு என்று தெரியும். இதில் இருட்டே இல்லை. பாதி உலகம் போயிருந்தது. மிச்சம் முழுதாகத் தெரிந்தது. கிரேன் ஏணியை நினைத்துப் பார்த்தேன். இடப்பக்கக் கம்பி என் கணக்கில் இல்லாத ஏணியில், குறையே தெரியாமல் ஏறியிருப்பேன். கீழே ஆட்கள் நின்றிருப்பார்கள்.

விட்டுப்போன துடுப்பை அக்காவைக் கொண்டு மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. குறித்த நாளில் படகை அப்படியே எடுத்துப்போனேன்.

டாக்டர் முறுக்கி விட்டுப் பார்த்தார். அது அவர் மேசையில் வட்டமடித்தது.

"சான்றுக்குத்தானேம்மா வந்தீங்க? இத எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

"கையெழுத்துப் போடாதீங்க டாக்டர்."

"இவனையும் இங்கனயே சேத்துக்கோங்க டாக்டரம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றாள் அக்கா. டாக்டர் சிரித்துவிட்டு, பேனாவை மூடினார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், வாதாடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. பாதிச் சோற்றை மிச்சம் வைத்தால் தட்டைத் திருப்பி வையுங்கள். புத்தகத்தின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். கண் அதைத் தொட்ட பிறகே வரியைத் தொடங்கச் சொல்லுங்கள். பலன் வரும். மெதுவாக வரும்.

இது ஐந்தாம் மாதம். இரண்டாவது துடுப்பை மாட்ட எனக்குப் பதினொரு நாள் ஆனது. முன்பு ஒரு பார்வையில் முடிந்த அறையை இப்போது இரண்டு தடவையாகப் பார்க்கிறேன். நாளும் அதற்கேற்ப நீண்டிருக்கிறது. இடது கை என்னுடையது என்று தெரியும். ஆனாலும் காலையில் தேடித்தான் கண்டுபிடிக்கிறேன். ஸ்கூட்டர் ஓட்டுவதில்லை, டவுன் பஸ்தான். மேலே ஏறாமல் கீழேயே உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கிரேன் ஏறும் சான்று கிடைக்கவில்லை. கிடைக்குமா என்று டாக்டரும் இன்னும் சொல்லவில்லை.