பட்டறை மணந்தால் மெழுகுவத்தி மணக்காது

எலுமிச்சைப்புல் வாசனை எங்கே வந்தாலும் என் கை முதலில் ஒரு மூடியைத் தேடும். போன மாதம் தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் கை கழுவப் போனேன். யாரோ அந்த சோப்பை வைத்திருந்தார்கள். கசக்கிய புல்லின் பச்சை, அதன் பின்னால் எலுமிச்சைத் தோலின் கூர்மை, அதற்கும் பின்னால் மழைக்கு முந்தைய வெயில். நான் கையை நீட்டியது தண்ணீருக்கு அல்ல. அங்கே இல்லாத ஒரு அண்டாவை மூடுவதற்கு. பின்னால் நின்றவர், "குழாய் இந்தப் பக்கம் மேடம்" என்றார்.

மெழுகுவத்தி, சோப்பு, உடம்பு எண்ணெய் என்று வாசனையை நம்பித் தொழிலில் இறங்கியிருப்பவர்களுக்காக அந்த மூடியின் கதையை எழுதுகிறேன்.

1. ஊரே மணந்தது

மன்னார்குடிக்கு வெளியே மூடிப்போன ஓர் அரிசி ஆலை. அதன் உமிக் கிடங்குதான் எங்கள் பட்டறை. ஐந்து பெண்கள். நான் பள்ளிக்கூட லேப் அட்டெண்டர், மருந்துக்கடை, கூரியர் ஆபீஸ் என்று எந்த வேலையிலும் மூன்று வருஷம் தாங்காதவள். செல்வி எனக்கு நேர் எதிர். அதே ஆலையில் பதினாறு வருஷம் நெல் அவித்தவள். அண்டாவை எட்டிப் பார்க்காமல், ஆவியின் வாசனையை வைத்தே பதம் சொல்லிவிடுவாள். என்னை 'டீச்சரே' என்பாள். அட்டெண்டர்தான் என்று எத்தனை முறை சொன்னாலும், "பள்ளிக்கூடத்துலேர்ந்துதானே வந்தீங்க" என்பாள்.

கோடியக்கரை போகும் சாலையில், பறவை பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்று எங்களிடம் சாம்பிள் கேட்டிருந்தது. அறைக்கு ஒரு மெழுகுவத்தி, ஒரு சோப்பு, ஒரு பாட்டில் உடம்பு எண்ணெய். எல்லாமே எலுமிச்சைப்புல். ஆர்டர் கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, பிளஸ் டூ படிக்கும் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, செல்வி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். துணி அடுக்கிய பையைக் கொண்டுவந்து பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியே விட்டாள்.

"வீட்டுல வெச்சா மக பாத்து அழுவுறா. இங்க தொங்கட்டும். நமக்கும் பயம் இருக்கும்."

மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினோம். கிலோவுக்கு அறுபது கிராம் வாசனை எண்ணெய். செல்வி கிண்டக் கிண்ட வாசனை கிடங்கை நிறைத்து, கூரையில் முட்டி, சாலைக்கு ஓடியது. வாய்க்கால் கரையில் போகிற சைக்கிள்கள் வேகம் குறைந்தன. நான் கண்ணை மூடி நின்றேன். நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஒரு வேலை என்னைப் பிடித்துக்கொண்டது.

விடுதியின் பர்ச்சேஸ் மேனேஜர் ரெஜினா மேடம் வந்தார். மெழுகுவத்தியை ஏற்றினோம். சுற்றிலும் பார்த்தார்.

"மணக்குது. ஆனா மணக்குறது வத்தியா, உங்க ஷெட்டா?"

ஆலையின் பழைய எடைமேடை அறையைக் காட்டி, அங்கே கொண்டுபோய் ஏற்றச் சொன்னார். கதவைச் சாத்தினோம். அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் பழைய சாக்கு வாசனைதான் வந்தது.

"மூணு வாரம் கழிச்சு வரேன். அதுதான் கடைசி" என்று காரில் ஏறிவிட்டார்.

2. மீன்கார பாக்கியம் சொன்ன தீர்ப்பு

எண்ணெய் போதவில்லை என்று நினைத்தேன். இரண்டு மடங்கு ஊற்றினேன். மறுநாள் ஒவ்வொரு வத்தியும் மே மாத பஸ் பயணி மாதிரி வேர்த்து நின்றது. ஏற்றினால் புகைதான் வந்தது. மெழுகு தாங்குகிற அளவுக்குத்தான் எண்ணெயை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை வெளியே தள்ளிவிடும்.

நாகப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் பாக்கியம் அந்தச் சமயத்தில் கூடையோடு உள்ளே வந்தார்.

"ஏம்மா, ரோட்டு முனையிலயே தூக்குது! என் கூடையில இருக்குற மத்தி எல்லாம் சென்ட் போட்ட மாதிரி இருக்கு. யாரு வாங்குவா?"

எங்கள் ஐந்து பேரின் மூக்கும் அந்த வாசனையில் ஊறி மரத்துப் போயிருந்தது. வெளி மூக்கு வேண்டும். பழைய சாம்பிளில் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் வந்தார்.

"ஏத்துனேன். வெளிச்சம் நல்லா வருது."

"வாசனை?"

"அதான் நேத்தே ரோட்டுக்குப் போயிடுச்சே. அப்புறம் வத்தியில என்னா இருக்கும்?"

செல்வி துடுப்பைக் கீழே வைத்தாள்.

"டீச்சரே, நான்தான் கெடுத்தேன். நெல்லு அவிக்கையில வாசம் கொட்டாய் முழுக்க வந்தாத்தான் எறக்குவோம். அதே பழக்கத்துல எண்ணெய ஊத்திட்டு, வாசம் வரட்டும் வரட்டும்னு அடுப்புலயே அரைமணி நேரம் வெச்சிருந்தேன். மூடாம."

நெல்லுக்கு வாசனை வந்தால் வெந்தது. மெழுகுக்கு வாசனை வந்தால் போனது. அவளை மட்டும் சொல்ல என்ன இருக்கிறது? தெர்மாமீட்டரை வாங்கி அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தவள் நான். கண்ணை மூடி ரசித்தவளும் நான். எங்கள் சரக்கு ஆவியாகிச் சாலையில் போவதைத்தான் வெற்றி என்று நினைத்திருந்தோம்.

முறையைத் திருப்பிப் போட்டோம். மெழுகு உருகியதும் அடுப்பை அணைத்து அண்டாவை இறக்கு. எழுபத்தைந்து டிகிரிக்கு வந்த பிறகு எண்ணெய். இரண்டு நிமிஷம் நிதானமாகக் கிண்டு. மூடு. கண்ணாடிக் குவளையில் ஊற்று. கிடங்கில் வாசனை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் நம் சரக்கு. செல்வி புருவத்தைச் சுருக்கி, மூக்கை நீட்டி, "ஒண்ணும் வரல… ஒண்ணும் வரல… நல்லாருக்கு" என்று சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாது.

உடனே ஏற்றிப் பார்க்கத் துடித்தேன். அவள் விடவில்லை.

"புது அரிசி வடிச்சா குழையும்ல? நாளாகட்டும்."

சரியாகத்தான் சொன்னாள். வத்திக்குள் எண்ணெய் ஊறிப் பிடிக்க இரண்டு வாரம் வேண்டும். அப்படியென்றால் மூன்று வாரத்தில் ஒரே ஒரு முயற்சிதான். தவறினால் திருத்த நாள் கிடையாது. வத்திகள் மூடியோடு தூங்கின. எனக்குத்தான் தூக்கமில்லை.

அந்த நாட்களில் சோப்பைச் சரிசெய்தோம். வாசனை எண்ணெய் பட்டவுடன் கலவை களி மாதிரி இறுகிக்கொண்டிருந்தது. கடையும் மிஷினை விட்டுவிட்டுக் கையால் கலக்கி, எண்ணெயைக் கடைசியில் சேர்த்ததும் அச்சில் வழவழவென்று இறங்கியது. லேசான மஞ்சள் தட்டும். அது எண்ணெயின் குணம், விட்டுவிடலாம். உடம்பு எண்ணெய்க்கு மட்டும் கையை இறுக்கிக்கொண்டேன். நூறு கிராமுக்கு அரை கிராம், அதற்குமேல் ஒரு சொட்டு இல்லை. கூடுதலாகப் போட்டதை என் மணிக்கட்டில் தடவி, மூன்று நாள் சிவந்து, சொறிந்து சொறிந்து தழும்பாக்கிக்கொண்டவள் நான்.

3. எடைமேடை அறை

சொன்ன நாளில் ரெஜினா மேடம் வந்தார். கிடங்குக்குள் நுழைந்ததும் முகம் சுருங்கியது.

"என்னங்க, இந்தத் தடவை வாசனையே காணோம்?"

"அதுக்குத்தான் மேடம் பாடுபட்டோம்" என்றாள் செல்வி.

அவரே எடைமேடை அறையில் வத்தியை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினார். வாசலில் நின்றோம். பாக்கியம் கூடையை இறக்கிவிட்டு எங்களோடு நின்றார். யாரும் ஆணியில் தொங்கிய பையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அரைமணி ஆனது. கதவைத் திறந்தார்.

வாசனை நடந்து வெளியே வந்தது. அவசரமில்லாமல், நிமிர்ந்து, தண்ணீர் திறந்த முதல் நாள் வாய்க்காலில் ஆறு நுழைகிற மாதிரி. ரெஜினா மேடம் உள்ளே போனவர் சீக்கிரம் வெளியே வரவில்லை.

"என் கூடையத் தாண்டி வருது! இதுக்கு மேல என்னா வேணும்?" என்று பாக்கியம் கூவினார்.

மேடம் வெளியே வந்து எல்லா அறைகளுக்கும் ஆர்டர் சொன்னார். மூன்று பொருளும். பிறகு உடம்பு எண்ணெயை முகர்ந்துவிட்டு, "இதுலயும் அந்த அளவு வாசனை போடுங்களேன்" என்றார்.

கையெழுத்து இன்னும் விழவில்லை. செல்வி என்னைப் பார்த்தாள்.

"முடியாதுங்க மேடம். அது எரியுற பொருள், இது தோல்ல நிக்கிற பொருள்" என்று மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினேன்.

ஒரு நொடி பார்த்தார். "அப்ப அப்படியே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் கற்றது இவ்வளவுதான்: உங்கள் பட்டறை மணக்கிறதா என்று பார்க்காதீர்கள். வாங்கிப் போனவர் வீடு மணக்கிறதா என்று கேளுங்கள்.

முதலாளிக்குக் காட்ட ஆறு வத்தி வேண்டும் என்றார் மேடம். அட்டைப்பெட்டி தீர்ந்திருந்தது. செல்வி ஆணியிலிருந்து பையை எடுத்தாள். அடுக்கிய புடவைகளை மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டினாள். வத்திகளைப் பேப்பரில் சுற்றி அதற்குள் வைத்து, காரின் பின்சீட்டில் ஏற்றினாள்.

கார் நகர்ந்து, நின்றது. கண்ணாடி இறங்கியது.

"ஏங்க, பை புதுசா இருக்கே. உங்களுக்குத் தேவைப்படாதா?"

"வேணாங்க மேடம். நான் எங்கயும் போகல."