கதவுகளைக் குறித்த தாள்

நான் வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் இருந்து படம் கீறுகிறவள். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். தேவாலய வளைவுகளுக்குள் எங்கள் பக்கத்துத் தெய்வங்களைக் குடியேற்றுவது என் கிறுக்கு. அந்த முறை, சிலைகளில் மாதாவின் காலடியில் மிதிபடும் பாம்பை எழுப்பி, ஐந்து தலை நாகமாக்கி அவளுக்கே குடை பிடிக்க வைக்க நினைத்தேன். எங்கள் ஊரில் பாம்பைக் கும்பிடுவார்கள், மிதிக்க மாட்டார்கள்.

அதற்காகத்தான் கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்துக்குப் போனேன். பூசை இல்லாத நேரம். தூண்களுக்கு இடையில் அடியளந்து நடந்து, எந்தப் பக்கத்தால் வெளிச்சம் விழுகிறது என்று பார்க்கக் கதவுகளை எல்லாம் தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். தேவாலயங்களில் குண்டு வெடித்த நாட்டில் செய்கிற வேலையா இது? அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

வாசலில் பைகளைச் சோதிக்கிற தொண்டர் பின்னால் வந்து நின்றார். நடுத்தர வயது. தாள்களைக் கையில் வாங்கினார்.

“கதவெல்லாம் எதுக்குக் குறிச்சிருக்கீங்க?”

“நான் படம் கீறுறனான், அண்ணே. வெளிச்சம் பாக்கிறதுக்கு.”

அடையாள அட்டையைக் கேட்டார். அதில் யாழ்ப்பாண முகவரி. அடுத்த தாளைப் புரட்டினார். மாதாவுக்கு மேலே பாம்பு. பொலிஸ், விசாரணை, மதத்தை அவமதித்தவள் என்ற பெயர் எல்லாம் மனதுக்குள் ஓடின. அப்படிப் பிடிபட்டால் எப்போது வீடு திரும்புவேன் என்று யாரால் சொல்ல முடியும்?

“படம் வரையிறவங்கன்னா, அந்தா நிக்கிற மாதாவ வரைஞ்சு காட்டுங்க.”

பென்சிலை எடுத்தேன். இத்தனை வருடம் சொல்லுக் கேட்ட கை அன்று கேட்கவில்லை. மூக்கு ஒரு பக்கம் போனது, கண் இன்னொரு பக்கம். பாலர் வகுப்புப் பிள்ளைகூட இதைவிட நன்றாகக் கீறியிருக்கும். என்னை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அழுகை வந்தது.

அவர் அந்தத் தாளையும் வாங்கிப் பார்த்தார்.

“கெட்டது செய்ய வர்றவன் கை இப்படி நடுங்காது,” என்றார். “போங்க.”

மற்றத் தாள்களைத் தந்தார். கதவுகளைக் குறித்ததை மட்டும் தரவில்லை. பயம் போக முன்னமே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னும் நம்பேல்லையோ?”

“உங்கள நம்புறேன். இது வேற யார் கையிலயாவது கிடைச்சா?” பக்கக் கதவோரம், ஆட்கள் உட்காருகிற நீள வாங்கைக் காட்டினார். “ஞாயித்துக்கிழமை எம் புள்ளைங்க அங்கதான் இருக்குங்க.”

நானும் அந்தக் கதவைப் பார்த்தேன். அந்தப் படம் இன்றுவரை முடியவில்லை. பாம்பைக் கீறிவிட்டேன், தூண்களும் சரி. அந்தக் கதவுக்கு வரும்போதுதான் பயமாக இருக்கிறது.