சும்மா இருந்த ஆறு மணி நேரம்

எங்கள் சித்தி மட்டும் இல்லாவிட்டால் நாட்டின் ராணுவம் முழுவதும் எப்போதோ சளி பிடித்துச் சரணடைந்திருக்கும். எதிரிகள் அவர் லீவு போடும் நாளை விசாரித்துக்கொண்டுதான் போருக்கே தேதி குறித்தார்கள்.

ராணுவக் கொள்முதல் அலுவலகத்தில் மழைக்கோட்டுகளைச் சோதித்து வாங்குவது சித்தியின் வேலை. கட்டுக்கு ஒரு கோட்டை உருவுவார். அதன் கையை நுனியில் இறுகக் கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கொக்கியில் மாட்டுவார். பிறகு ஆறு மணி நேரம் எதிரே உட்கார்ந்து தையலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொட்டு கசிந்தாலும் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"கட்டிக்கப் போறவனைக்கூட இந்தம்மா இப்படிப் பார்த்திருக்காது" என்று சப்ளையர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

அப்போதுதான் சீர்திருத்தம் வந்தது. ஆள் அதிகமாம். யார் எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று எழுதித் தர ஆளுக்கொரு படிவம். பிரிவுத் தலைவி சித்தியோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்; பத்தொன்பது வருடமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்.

"உள்ளதை எழுதுடி. உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றார் அவர்.

சித்தி எழுதினார்: தினமும் இரண்டு மணி நேரம்.

"அப்ப அந்த ஆறு மணி நேரம்?" என்று வீட்டில் சித்தப்பா கேட்டார்.

"சும்மா உக்காந்திருக்கறதைப் போயி வேலைன்னு எழுத கை கூசாதா?"

அடுத்த மாதம் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு மணி நேர வேலைக்கு முழு ஆள் எதற்கு? சித்தியின் பணியிடம் ரத்து. அதற்கு நாலு வரி மேலே தலைவியின் பெயர். பணியிடம் நீடிக்கும், காரணம், 'மழைக்கோட்டுக் கண்காணிப்பு, ஆறு மணி நேரம்.'

சித்தி நேரே தலைவியின் அறைக்குள் போனார்.

"கோட்டு மாட்டற ரூம்ல இருக்கறது ஒரே நாற்காலி. நீ எதுலடி உக்காந்த?"

தலைவி கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீ எழுதாம விட்டதைத்தானே எடுத்துக்கிட்டேன்?"

"கேட்டிருந்தா மூணு மணி நேரம் நானே குடுத்திருப்பேனேடி."

அன்று மாலை வந்த லாரிக்குத் தண்ணீரே ஊற்றாமல் தலைவி கையெழுத்துப் போட்டார். சித்தி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கண்கூடக் கலங்கவில்லை. இரும்பு மனுஷி.

நான் இதுவரை எழுதியதை என் பின்னால் நின்று படித்துவிட்ட சித்தி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பொய். குழாயைத் தெறந்து விட்டுட்டு அழுதேன். உனக்கும் தெரியும். இல்லேன்னா பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு மூக்கை உறிஞ்சினது யாருடா?"