பெட்டியைத் திறந்து வைத்த பிறகு

என் சித்திக்குத் தெருவில் குருவி டாக்டர் என்று பேர். ஆனால் அவள் காப்பாற்றிய பறவைகளில் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. அடிபட்ட பறவைகளுக்கு உதவும் குழு ஒன்றின் போன் அவளிடம் இருக்கிறது. யார் வீட்டு பால்கனியில் எது வந்து விழுந்தாலும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். சித்தி அடுப்படியில் நின்றபடியே பதில் சொல்வாள். பிறகு குழுவில் யாராவது ஸ்கூட்டரில் போய் எடுத்து வருவார்கள்.

"மேடம், இது என்னையே முறைக்குது மேடம்."

"உங்க மேல யாராவது துண்டப் போட்டு அமுக்கினா நீங்க சிரிப்பீங்களா? அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, உள்ள வச்சு மூடுங்க. தண்ணி ஊத்தாதீங்க. சும்மா சும்மா திறந்து பாக்காதீங்க."

"பாவமா இருக்கு மேடம், இருட்டுல."

"இருட்டுல இருந்தாத்தான் பயப்படாம இருக்கும்."

வேலைக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருக்கும் நான் இதை அப்படியே சித்தி குரலில் சொல்லிக் காட்டுவேன். மூக்கால் கொஞ்சம் இழுத்து, கடைசி வார்த்தையை மட்டும் அதட்ட வேண்டும், அவ்வளவுதான். சித்தி கரண்டியை ஓங்குவாள். உள்ளறையிலிருந்து சித்தப்பா சிரிப்பார்.

சித்தப்பா பஸ் டிரைவர். டிப்போவில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து படுக்கைதான். அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். புரட்டுவதற்குச் சித்தியின் கை மட்டும்தான் ஆகும். ஒரு நர்ஸை வைத்துப் பார்த்தார்கள். "லக்கேஜ் ஏத்துற மாதிரி ஏத்துறா" என்று முதல் நாளே துரத்திவிட்டார். சித்தியின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால் "எங்க இருக்க?" என்பார். "எங்க போகப் போறேன்?" என்பாள் சித்தி. அந்த வீட்டில் மிக்ஸி சத்தத்தைவிட அதிகமாகக் கேட்பது இந்த இரண்டும்தான்.

அடுப்படியில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு கைக்குட்டை அளவு வானம் தெரியும். ஜன்னலோரம் ஆணியில் பைனாகுலர் தொங்கும். குழம்பு கொதிக்கும்போது சித்தி அதை எடுத்துப் பார்ப்பாள். எந்தப் பறவையும் அந்த இடத்தில் நிற்காது. கண்ணில் படுவதற்குள் தாண்டிவிடும்.

பட்டத்து நூலில் சிறகு அறுபட்டு ஒரு பருந்து யார் வீட்டு மொட்டை மாடியிலோ சிக்கிக்கொண்டது. மேலே குழாய் சரி செய்யப் போன பிளம்பர்தான் போன் செய்தார்.

"அக்கா, கொத்திடுமா?"

"மூக்கப் பாத்துப் பயப்படாதீங்க. நகத்துலதான் எல்லாம் இருக்கு. துணியப் போட்டு முதல்ல காலப் புடிங்க."

பிளம்பர் பிடித்தார். பருந்து பிழைத்தது, தேறியது. குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர் ஒருநாள் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை காலைல ஏரிக்கரையில விடுறோம்க்கா. பெட்டிய நீங்கதான் திறக்கணும்."

சித்தி "பாக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு வெளியே கட்டும் சேலையை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள்.

"போயிட்டு வா சித்தி. உன் குரல நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஞாயிறு காலை சித்தப்பாவைப் புரட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருடியைப் போலப் படியிறங்கினாள். நான் அடுப்படியில் நின்றேன்.

"எங்க இருக்க?"

"எங்க போகப் போறேன்?" என்றேன், மூக்கால்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "எங்க இருக்க?"

"இங்கதாங்க. ஏதாவது வேணுமா?"

"அடுப்படிய விட்டு வெளிய வாம்மா" என்றார் சித்தப்பா. போய் நின்றேன். "ஏதாவது வேணுமான்னு உங்க சித்தி என்னைக்குக் கேட்டிருக்கா? வள்ளுன்னுல்ல விழுவா. போயிட்டாளா?"

"பருந்த விடப் போயிருக்கா."

"தெரியும். அவ போன்ல பேசுறது தெருமுனை வரைக்கும் கேக்குது. எந்த றெக்கைல தையல்னுகூட எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா, போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சித்தப்பா."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "சொன்னா போயிடுவாளே."

"போனா என்ன?"

"அவளுக்குப் பழகிடும்."

நான் எதுவும் சொல்வதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. சித்தி மூச்சு வாங்க நின்றாள். பஸ் ஏறி, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்து வந்திருக்கிறாள்.

"ஏன் வந்துட்ட?" இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டோம்.

"நீங்க கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"பஸ்சுக்குள்ளயா? நான் என்ன ஹாரனா?" என்றார் சித்தப்பா.

அவள் சிரிக்கவில்லை. தான் வரவில்லை, நீங்களே திறந்துவிடுங்கள் என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டாளாம். சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, திறந்துட்டோம். ஆனா வெளியவே வர மாட்டேங்குது. மூடி திறந்திருக்கு, உள்ளயே உக்காந்திருக்கு. பெட்டியக் கவுத்துடவா?"

"கவுக்காதீங்க. தட்டாதீங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

"எவ்வளவு நேரம்க்கா?"

"அதுக்காத் தோணணும்."

சித்தப்பா தலையைத் திருப்பினார். "ஏய், அரைவேக்காட்டுக் குரலு. இங்க வா. இடுப்புக்கு அடியில கையக் குடு."

"அவளுக்குத் தெரியாதுங்க, இருங்க நான்..." என்று சித்தி முன்னால் வந்தாள்.

"நீ போன்ல பேசு."

கையைக் கொடுத்தேன். தூக்கினேன். தப்பான இடத்தில் பிடித்துவிட்டேன் போல. பல்லைக் கடித்துக்கொண்டார், கத்தவில்லை. ஒருவழியாகச் சுவர்ப் பக்கம் புரண்டார்.

"லக்கேஜ்தான்," என்றார் சுவரிடம். "ஆனா ஏறிடுச்சு."

அங்கிருந்து பார்த்தால் அவருக்கு அறையில் யாரும் தெரியமாட்டார்கள். சித்தி நடுவீட்டில் போனோடு நின்றாள். செருப்பைக் கழற்றியிருக்கவில்லை. வாசல் கதவையும் அவள் சாத்தியிருக்கவில்லை. சித்தப்பா "எங்க இருக்க?" என்று கேட்கப் போவதுபோல இருந்தது. கேட்கவில்லை.

"இன்னும் உள்ளதான்க்கா இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர்.