இடி இடித்தால் வரும் வேன்

நனைந்த சுண்ணாம்புக்கு ஒரு வாசனை உண்டு. புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே, அதுதான்... அதோடு ஈரக் கரிசல் மண்ணையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று மத்தியானம் மழை பெய்தபோது, எதிர்வீட்டுப் புதுச் சுவரிலிருந்து அந்த வாசனை வந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சராக இருந்தேன். மே மாதம் லீவு விட்டதும் மற்ற டீச்சர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்குப் போக ஊரும் இல்லை, வரச்சொல்ல ஆளும் இல்லை. அதனால் வருஷா வருஷம் பெண் பிள்ளைகளுக்கு கோ-கோ கேம்ப் நடத்துவேன். காலையில் மைதானத்தில் கேட்கும் அந்தச் சத்தம்தான் எனக்கு லீவு.

அந்த வருஷக் கேம்பில் மாரீஸ்வரி என்று ஒருத்தி. கோ-கோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்... வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே ஓடுகிறவள் வளைந்து வளைந்து போக வேண்டும், பூக்களுக்கு நடுவே நார் போவதுபோல. மாரீஸ்வரி அப்படித்தான் போவாள். அவளுக்கு வெளியூர் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்திருந்தது. அவள் அம்மா பேச்சியம்மாள் மட்டும் சம்மதிக்கவில்லை.

"அவ ஓடி நான் ஒரு நா பாத்ததில்ல டீச்சர். கண்ணால பாக்காம எத நம்பி அனுப்ப?"

நியாயம்தானே? விடியுமுன் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாயத்தான் வருவார். கம்பி மத்தாப்பு வேலை. கேம்பின் கடைசி நாள் விருதுநகர் டீமுடன் மேட்ச் வைத்தேன். "லீவு போட்டு வாங்க" என்று வீடு தேடிப் போய்ச் சொன்னேன். "பாப்போம்" என்றார். வரமாட்டார் என்று அர்த்தம்.

அன்றைக்குக் காலையில் மைதானம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தோம். ரெண்டு டீமுக்கும் சேர்த்துச் சுண்டல் வெந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு இடி.

நான் வானத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் ஒருத்திகூட வானத்தைப் பார்க்கவில்லை... எல்லாரும் கம்பெனிகள் இருக்கிற திசையைப் பார்த்தார்கள். அப்படியே, அசையாமல். இரண்டாவது தடவை மின்னலோடு இடித்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

"இடிதான் டீச்சர்" என்றாள் மாரீஸ்வரி, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

கொட்டித் தீர்த்தது. வராந்தாவில் ஒதுங்கி நின்று பார்த்தோம், போட்ட கோடெல்லாம் பால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. விருதுநகரிலிருந்து போன். ஆமத்தூர்ப் பக்கம் ரோட்டில் தண்ணீராம், வரவில்லையாம். ஒரு அண்டாச் சுண்டலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கேட்டுக்கு முன்னால் வேன் வந்து நின்றது.

எனக்குத் தோன்றாமல் போன விஷயம் இதுதான். இடி இடித்தால் பட்டாசுக் கம்பெனியில் வேலையை நிறுத்தி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக, அம்மாக்கள் டிரைவரை அதட்டிப் பள்ளிக்கூடத்துக்கே வண்டியை விடச்சொல்லியிருக்கிறார்கள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். பேச்சியம்மாளும்தான்.

இடி ஓயும்வரை எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தேன். "அரை நா வேலை போச்சேன்னு வந்தா, இங்கன விருந்துல்ல வச்சிருக்காக!" என்று ஒருவர் சிரித்தார்.

வானம் வெளுத்துத் தூறலானதும் எங்கள் பிள்ளைகளையே ரெண்டு டீமாகப் பிரித்தேன். கோடு இல்லை, எல்லாருமாகச் சேர்ந்து கயிற்றைக் கட்டினார்கள். சேற்றில் ஆளுக்கொரு பக்கம் வழுக்கி விழுந்தார்கள். மாரீஸ்வரி மட்டும் விழவில்லை.

"ஏ பேச்சி, உன் மக ஓடுற ஓட்டத்தப் பாத்தா வீடு திரும்ப மாட்டா போலயே!"

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. மேட்ச் முடிந்ததும் மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். விரலில் இருந்த மத்தாப்பு மருந்து, அவள் கன்னத்தில் வெள்ளி வெள்ளியாக ஒட்டிக்கொண்டது. பிறகு என்னிடம் வந்தார்.

"நல்லாத்தான் ஓடுறா. அங்கன இடி இடிச்சா இவள யாரு டீச்சர் போயிக் கூட்டியாருவா?"

"நான் போறேன்" என்றேன்.

"அப்பச் சரி."

ஒவ்வொருத்தியாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். நான் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, காலி அண்டாவோடு நின்றேன்.

ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அங்கே இடி இடித்தால் போதும், எனக்குப் போன் வந்துவிடும். "டீச்சர், இங்க இடிக்கிது... அங்கன அம்மா வந்துட்டாகளா?" இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். சொன்னால் கேட்கமாட்டாள். கம்பெனி வேன் வந்து நிற்பது என் வீட்டுக்கு எதிரில்தான். வாசலில் நின்று வேனை எதிர்பார்த்திருந்து, பேச்சியம்மாள் இறங்கியதும் போன் போட்டு "வந்துட்டாங்கம்மா" என்று சொல்வேன். கூட்டிவரப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் செய்ததெல்லாம் இவ்வளவுதான்.

இப்போது மாரீஸ்வரி சென்னையில் போலீஸ் வேலையில் இருக்கிறாள். அம்மாவையும் கூட்டிப் போய்விட்டாள். சந்தோஷம்தான், அதற்குத்தானே அத்தனையும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மெசேஜ் வரும்.

நான் ரிட்டயர் ஆன பிறகும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். நேற்று இடித்ததும் வழக்கம்போல வாசலுக்குப் போனேன். வேன் வந்து நின்றது, அம்மாக்கள் இறங்கினார்கள், அவரவர் வீட்டுக்குப் போனார்கள். எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்... வந்துவிட்டார்களா என்று கேட்கத்தான் யாரும் இல்லை.