மருந்து இல்லை, மால்பெக்

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி, இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் ஒரு லீவுக்கு வந்தபோது, அர்ஜென்டினா மால்பெக் ஒயின் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டில் கார்க் எடுக்க ஏது சாமான்? என் கணவர் ஸ்க்ரூடிரைவரை வைத்து கார்க்கை உள்ளே தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுப்பில் மட்டன் சுக்கா. மாமியார் அலங்காநல்லூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்.

கணவர் ஒரு வாய் குடித்து முகத்தைக் கோணினார். சோடா ஊற்றி, சர்க்கரையும் போட்டுக்கொண்டார். அநியாயம்! நான் எதையும் கலக்கவில்லை. கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாத நிறம். நாவல்பழம் போலத் துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. சுக்கா ஒரு துண்டு தின்றுவிட்டு மறுபடி குடித்தால், வாயிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கை வழித்துக்கொண்டு இறங்கியது. பின்னாலேயே கனிந்த பழத்தின் வாசனை. கனமான ஒயின், அடக்க ஒடுக்கம் தெரியாதது. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

சாயங்காலம் வரவேண்டிய மாமியார் அப்போதே வந்துவிட்டார்.

"ஏத்தா, உதடெல்லாம் என்னா இப்பிடி கறுத்துக் கெடக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "ஒயினும்மா. அவளுக்கு ரத்தம் கம்மியா இருக்குல்ல, அதுக்கு மருந்து."

மாமியார் முகம் தெளிந்தது. "அட, நல்லதுதானே. பிள்ளை பெத்தவளுக்கெல்லாம் குடுப்பாக. தெனம் ஒரு மூடி குடி ஆத்தா, நானே ஊத்தித் தாரேன்."

தலையாட்டியிருந்தால் போதும். பாட்டில் முழுக்க என்னுடையது, அதுவும் மாமியார் கையாலேயே. ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. கணவர் குடித்தால் ஆசைக்கு, நான் குடித்தால் சீக்குக்கா?

"எனக்கு ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு அத்தே. ருசியா இருக்கு, குடிக்கிறேன்."

மாமியார் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "நாளைக்கு ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சா போவ?" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

நான் என் டம்ளரை நிறைத்துக்கொண்டேன். மருந்து குடிக்கிறவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவாள். நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன்.